உரிமம் பெற்ற துப்பாக்கி

எங்கள் அத்தா துப்பாக்கிக்கு மனுப் போட்டவர் என்று சொன்னால் அவரைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். தீபாவளிக்குப் பக்கத்துத் தெருவில் சரவெடி வைத்தால் கதவைச் சாத்திக்கொள்பவர் அவர். வீட்டில் கோழி அறுக்க வேண்டுமென்றால் அம்மாதான் ஆள் தேடுவாள். அப்படிப்பட்டவரை அந்த மனு வரைக்கும் கொண்டுபோனது பக்கத்துத் தோப்புக்காரர் வைத்திருந்த துப்பாக்கி. சட்டப்படி உரிமம் வாங்கிய துப்பாக்கி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் எங்கே போய் முறையிட்டாலும் எங்களுக்கு முதலில் சொல்லப்பட்டதும் இதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கடப்பாக்கத்தில், இடிந்த கோட்டைக்குப் போகும் வழியில் இருந்தோம். அத்தாவுக்கு ஐஸ் வியாபாரம். லாரியில் வரும் ஐஸ் பாளங்களை வீட்டை ஒட்டிய கிடங்கில் மரத்தூள் போட்டு மூடி வைப்பார். படகுகள் கிளம்பும் நேரத்துக்கு மூன்று சக்கர வண்டிகளில் கரைக்கு அனுப்புவார். கிடங்கிலிருந்து கரைக்குப் போக ஒரே ஒரு குறுக்குப் பாதை. ஒரு பக்கம் எங்கள் சுவர், மறுபக்கம் தோப்புக்காரரின் தென்னையும் சவுக்கும். அந்தப் பாதை அவருடைய நிலமா, புறம்போக்கா என்று இன்றுவரை ஒருவரும் முடிவாகச் சொன்னதில்லை. அத்தாவுக்கு முன்னால் கிடங்கு வைத்திருந்தவரும் அதில்தான் வண்டி ஓட்டினார். அவரோடு தோப்புக்காரருக்குச் சண்டை வந்ததில்லை. எங்களோடு வந்தது.

முதலில் வாய்ச் சண்டைதான். பிறகு ஒருநாள் அவர் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கியை வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி. அப்பா இறந்தபின் இவர் பெயருக்கு உரிமம் மாறியது. பயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் எழுதியிருந்ததாம், மணிலாவை, அதாவது நிலக்கடலையை, காட்டுப் பன்றி தின்கிறது என்று. அந்தக் கரையில் காட்டுப் பன்றியைப் பார்த்தவர் யாரும் இல்லை. அவர் மணிலா போட்டே பல வருஷம் ஆகியிருந்தது.

வண்டி வரும் சத்தம் கேட்டால் அவர் வெளியே வருவார். உட்காருவார். எண்ணெய்த் துணியால் குழலை மேலும் கீழுமாகத் துடைப்பார். வண்டிக்காரர்களை நோக்கி ஒருநாளும் அதை நீட்டியதில்லை. ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. வண்டி தாண்டிப் போனதும் எழுந்து உள்ளே போய்விடுவார். நான் செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை பஸ்ஸைப் பிடிக்க அதே பாதையின் முனையைக் கடக்க வேண்டும். முதுகில் ஏதோ ஊர்வது போலவே நடப்பேன். ஓடக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் என்னைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்ததில்லை.

வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். அவர்களில் மூத்தவர் அத்தாவிடம் வந்து சொன்னார்.

"பாய், வேலைக்கு வர்றேன். அந்த வழியா வேணாம் பாய். அந்தாளு மடியில துப்பாக்கிய வச்சுக்கினு பாக்கறாரு."

"சுட்டுடுவாரா?" என்றார் அத்தா.

"சுட மாட்டாரு. அது தெரியும். ஆனா அங்க வந்தா வண்டி மிதிக்க வரல, நான் இன்னா பண்ணட்டும்?"

அத்தா காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே எழுத்து வேலை பார்த்த ஏட்டு பொறுமையாகவே பேசினார். அவர் வீட்டு வாசலில், அவர் துப்பாக்கியை, அவர் துடைக்கிறார். இதில் என்ன குற்றம் எழுதுவது என்று கேட்டார். அத்தா அதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா, "தொடைக்கறதுக்கு ஐஸ் வண்டி வந்தாத்தான் நேரம் கெடைக்குதா அவனுக்கு?" என்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். காது அடைத்துப்போகும்படி ஒரு சத்தம். தோப்பிலிருந்த காகங்கள் மொத்தமாக எழும்பின. அடுத்த நொடி என் மேல் தண்ணீர் கொட்டியது. மொட்டை மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில் பல ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சியது. அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் கையில் பிழியாத துணி இருந்தது. அதைக் கீழே போடவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அத்தா கிடங்கிலிருந்து ஓடி வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தோப்புக்காரர் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அணிலு பாய்," என்றார். "எளநிய ஓட்ட போட்டுக்கினே இருக்குது. குறி தப்பிப் பூடுச்சு."

அம்மாதான் கேட்டாள். "எங்க டேங்குல இன்னா எளநியா காய்ச்சிருக்குது?"

"பொம்பள பேச்சு வேணாம் பாய். டேங்கு இன்னா வெலையோ சொல்லி அனுப்பு."

அவர் போன பிறகு நான் மாடியில் ஏறிப் பார்த்தேன். தொட்டிக்குள்ளே, மிச்சமிருந்த தண்ணீரின் அடியில், மிளகளவில் ஈய ரவைகள் கிடந்தன. அந்தத் தண்ணீரில்தான் அன்று காலை நாங்கள் சோறு பொங்கியிருந்தோம். நான் படியில் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் தொட்டிக்கும் எவ்வளவு தூரம் என்று அத்தா பார்வையாலேயே அளந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு மறுபடி காவல் நிலையத்துக்குக் கிளம்பினார்.

இந்த முறை உதவி ஆய்வாளரே அவரிடம் பேசினார். தோப்புக்காரரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். புதுத் தொட்டி வந்தது. துப்பாக்கி அவரிடமே இருந்தது. அணிலைச் சுட்டேன் என்கிறார், லைசென்ஸ் செல்லும், யாருக்கும் அடி படவில்லை. இந்த மூன்றையும்தான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அத்தா சொன்னார். "நானும் ஒரு துப்பாக்கிக்கு மனு குடுக்கறேன்."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் நின்றாள். "எதுக்கு? மடியில வச்சுக்கினு ஒக்காரவா?"

"அவனுக்கு இருக்குது. எனக்கு இருந்தா அவன் அடங்குவான்."

"நீங்க அவனப் பாத்து நீட்டுவீங்க. அவன் உங்களப் பாத்து நீட்டுவான். நடுவுல எம்பொண்ணு பஸ்ஸுக்குப் போவா."

நான் அம்மா பக்கம் பேசினேன். இந்த வீட்டுக்குள் துப்பாக்கி வந்தால் நான் இருக்க மாட்டேன், ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன் என்றேன். அத்தா என்னைப் பார்த்து முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "ஒன் தலைக்கு மேலதான் சுட்டான். உனக்கு ரோசமே இல்லயா?" அதன் பிறகு எங்கள் வீட்டில் சில மாதங்கள் சரியாகப் பேச்சே இல்லை. தோப்புக்காரர் மேல் எங்களுக்கு இருந்த கோபத்தை நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் காட்டிக்கொண்டோம். உப்புக் கூடினால் சண்டை. வண்டிக்காரர் தாமதமாக வந்தால் சண்டை.

மனு போன பிறகு விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் சாதாரண உடுப்பில் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். எதற்காகத் துப்பாக்கி என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அத்தா தொட்டியைப் பற்றிச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார். அதன் பிறகு கேட்டதெல்லாம் வேறு. துபாயில் இருக்கும் என் அண்ணன் அங்கே என்ன வேலை செய்கிறான். பணம் எப்படி அனுப்புகிறான். வெளியூரிலிருந்து வீட்டுக்கு யார் யார் வருவார்கள். எந்தப் பள்ளிவாசலுக்குப் போவீர்கள். அங்கே வெள்ளிக்கிழமை என்ன பேசுவார்கள். அத்தா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் அங்கே ஓட்டலில் காய்கறி நறுக்குகிறான் என்பதைச் சொல்ல அத்தா கூச்சப்பட்டது எனக்குத் தெரிந்தது. அதை அவர் உறவினர்களிடம்கூடச் சொன்னதில்லை.

அக்கம்பக்கத்தாரையும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். எங்களுக்கு அக்கம்பக்கம் என்றால் தோப்புக்காரர்தான். அவர் வாசலில் அதே நாற்காலியில் அந்த ஆள் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நாங்கள் மூவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

மனு நிராகரிக்கப்பட்டது. உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. அத்தா நிலையத்துக்குப் போய் ஏட்டிடம் கேட்டிருக்கிறார். அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். "பாய், உங்க ஆளுங்களுக்கு இந்த டயத்துல குடுக்க மாட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க."

அத்தா அதை வீட்டில் அப்படியே சொன்னார், ஏற்ற இறக்கம் இல்லாமல். வீட்டுக்குள் துப்பாக்கி வராது என்பதில் எனக்கு நிம்மதி. வராததற்குச் சொன்ன காரணத்தை நினைத்தால் உடம்பு எரிந்தது. சட்டம் ஒருவனைப் பார்த்து, நீ வைத்துக்கொள், உன்னை நம்புகிறேன் என்கிறது. அவன் எங்கள் தொட்டியைச் சுட்டவன். இன்னொருவனைப் பார்த்து உன்னை நம்ப மாட்டேன் என்கிறது. அவர் ஐஸ் விற்பவர். இதில் யாரைப் பிடித்து உலுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தோப்புக்காரரை வெறுப்பது சுலபமாக இருந்தது. அதனால் அவரையே வெறுத்தேன்.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது. உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. எப்போதும் நடப்பதுதான், ஆனால் நான் அதுவரை கவனித்ததில்லை. ஒரு காலையில் தோப்புக்காரர் அதைப் பழைய போர்வையில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் குறுக்கே வைத்துக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அதன் பிறகு அவர் வாசலுக்கே வரவில்லை. வண்டிகள் பாதையில் போயின. முதலில் தயங்கிப் போன வண்டிக்காரர்கள் பிறகு பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். அம்மா மொட்டை மாடியில் வடகம் காயவைத்தாள். நான் பஸ்ஸுக்கு நடந்தபோது ஒருநாள் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தார், லுங்கியும் பனியனுமாக, வயதான ஒரு ஆள். இவரைப் பார்த்தா பயந்தேன் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த நாட்களில்தான் அவர் மனைவி முதல்முறையாக எங்கள் சுவரோரம் வந்தார். வீட்டில் விசேஷம், ஐஸ் வேண்டும் என்று பாத்திரம் நீட்டினார். அம்மா உடைத்துக் கொடுத்தாள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போகத் திரும்பியவர், "அது வூட்ல இல்ல. அதான் கொஞ்சம் கால நீட்டிப் படுக்கறேன் பாயம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை என்னிடம் சொன்னாள்.

எனக்கு ஒரே யோசனை. ஓட்டுப் பெட்டிக்கு ஆபத்து என்றால் துப்பாக்கியை வாங்கி வைக்க வழி இருக்கிறது. எங்களுக்கு ஆபத்து என்றால் ஏன் இல்லை? செங்கல்பட்டில் என் தோழியின் அப்பா வக்கீல். அவரிடம் போய்க் கேட்டேன். பொது அமைதிக்குக் கேடு என்று தோன்றினால் உரிமத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, ஆனால் யாராவது கேட்க வேண்டும் என்றார். நான் கேட்டேன். தேர்தல் முடிந்து துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் மனு போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டேன். அத்தாவிடம் சொன்னபோது, "எம்மனுவ மதிக்காதவன் ஒம்மனுவ மதிக்கப் போறானா?" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. சாட்சி சொல்ல வருகிறோம் என்று கரையில் பலர் சொன்னார்கள். அன்று காலை வந்து நின்றது மூத்த வண்டிக்காரர் மட்டும்தான். அதிகாரி அவரைக் கேட்டதும், "நான் ஒண்ணும் பாக்கல சார், வண்டி ஓட்டிக்கினு போவேன், அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டார். என்னை அவர் பார்க்கவில்லை. அவருக்குத் தோப்புக்காரர் நிலத்தில்தான் குடிசை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை.

தோப்புக்காரர் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். குரல் தடுமாறாமல் பேசினார்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து வச்சுக்கினு இருக்கறோம் சார். இத்தினி வருசத்துல ஒருத்தர சுட்டிருக்கறேனா? ஒரு கேசு உண்டா? எம்பொருள நான் வச்சிருக்கறது என் உரிமை. எவனோ பயப்படறான்னு நான் எதுக்கு உடணும்?"

தொட்டியைச் சுட்டதை மனுவில் எழுதியிருந்தேன், அதற்கும் அணில் என்றே சொன்னார். அதிகாரி என்னிடம் திரும்பினார். "உங்களை நோக்கி எப்பவாவது நீட்டினாரா?"

"இல்லை சார். அவர் நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. மடியில் இருந்தாலே போதும்."

நான் சொன்னது எடுபட்டதாகத் தெரியவில்லை. பேனாவை மூடிய அதிகாரி, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்று தோப்புக்காரரிடம் கேட்டார். மனைவி மட்டும்தான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றார் அவர். கூப்பிடச் சொன்னார் அதிகாரி. வழக்கமான கேள்விதான் என்று நினைக்கிறேன். பூட்டி வைக்கிறார்களா என்று கேட்பதற்கு.

அந்த அம்மாள் உள்ளே வந்து புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டார். பூட்டி வைப்பீர்களா என்ற கேள்விக்கு இப்படிச் சொன்னார்.

"சோறு ஆறிப் போயிருந்தா எடுத்தாந்து மேசை மேல வைப்பாரு சார். ஒண்ணும் திட்ட மாட்டாரு. அடிக்க மாட்டாரு. பக்கத்துல வச்சுக்கினு சாப்புடுவாரு. எம்புள்ளிங்க ரெண்டும் அதுக்குத்தான் வெளியூரு போச்சுங்க." அதிகாரியை நேராகப் பார்த்தார். "அது அங்கயே இருக்கட்டும் சார். எங்க வூட்டுக்கு வேணாம்."

தோப்புக்காரர் அவரைப் பார்த்து, "இன்னாடி பேசற?" என்றார், மெதுவாக. அந்த அம்மாள் திரும்பவில்லை. அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார்.

வெளியே தாழ்வாரத்தில், எங்களோடு வந்திருந்த அம்மா அந்த அம்மாளின் கையைப் பிடிக்கப் போனாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்காகச் சொல்லல பாயம்மா. உங்க வண்டி எங்க நெலத்துலதான் போவுது. அது வேற, இது வேற."

அவரை அழைத்துப்போகக் கருங்குழியிலிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். அப்படியானால் முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தம்பியோடு பஸ் ஏறிப் போனார். திரும்ப அந்தத் தோப்பு வீட்டுக்கு வரவே இல்லை.

உரிமம் ரத்தானது. மேல்முறையீடு செய்து பார்த்தார், பலிக்கவில்லை. துப்பாக்கியைச் சென்னையில் ஒரு ஆயுதக் கடைக்காரரிடம் விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பதிலாகத் தோப்புக்காரர் பாதையின் இரண்டு முனையிலும் கல் நட்டு முள்கம்பி கட்டினார். எங்கள் வண்டிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகியது. மீனவர்கள் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்தார்கள். கிடங்கு படுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் துப்பாக்கியால் செய்ய முடியாததைக் கம்பியால் செய்தார், அதற்கு எந்த உரிமமும் வேண்டியிருக்கவில்லை. அவர் மேல் எனக்கு இரக்கம் எதுவும் கிடையாது. மனைவி போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார் என்று யாரோ சொன்னபோது, சோறு சூடாக இருந்திருக்கும் என்று சொன்னேன்.

புதிய நூற்றாண்டு பிறந்து, கடற்கரைச் சாலை அகலமாகி, நிலத்தின் விலை ஏறியபோது அவர் தோப்பை விற்றுவிட்டுப் போனார். நாங்களும் கிடங்கை மூடினோம். எனக்குப் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, கேளம்பாக்கத்தில் வீடு எடுத்தேன். அத்தாவும் அம்மாவும் என்னோடு வந்தார்கள்.

அங்கே ஒரு மாலை, யாரோ ஒரு பிரமுகருக்குத் துப்பாக்கி உரிமம் கொடுத்ததைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டு அத்தா என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை.

"அவனுக்கு இல்லாம பண்ணே. சரி. எனக்கு ஏன் இல்லன்னு எவனயாவது போய்க் கேட்டியா?"

"கேக்கல அத்தா."

"ஏன்?"

"உங்களுக்குக் குடுத்திருந்தா அதயும் எதுத்து நானே மனு போட்டிருப்பேன்."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "அது வேற," என்றார். "அவங்க சொன்ன காரணத்தக் கேக்கறேன். நீ சொல்ற காரணத்த இல்ல."

அவர் சொன்னது சரி. ஆனாலும் நான் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா இருவருக்கும் பரிமாறினாள். அன்று இரவு அவர் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.